கட்லா மில்ட்டை (ஆண் மீனின் விந்தை) 3 மணி நேரம் கொண்டுபோகணும்: ஐஸ் போட்டும் ஏன் கெடுகிறது?

குளத்தங்கரை:
ஆண் கட்லா ஒரு பண்ணையில், பெண் மீன் வேறொரு ஹேட்சரியில் (குஞ்சு பொரிப்பகத்தில்). நடுவே 3 மணி நேரப் பயணம். 10 மி.லி. சிரிஞ்சு நிறைய மில்ட் எடுத்து, மூடி போட்டு, ஐஸுக்குள் புதைத்துக் கொண்டுபோகிறோம். கருவுறுவது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. அதே ஆணை அங்கேயே பிழிந்து கலந்தால் நன்றாக வருகிறது. சூடுதான் காரணமா? ஐஸைக் கூட்டணுமா?

நன்னீர்_டெக்:
சூடு இல்லை சார். தண்ணீரும் மூச்சுமுட்டலும்தான்.

மீனின் உடம்புக்குள் விந்தணு ஓடாது. விந்து நீரின் உப்புச் செறிவு சுமார் 300 மில்லி ஆஸ்மோல் (கரைந்த பொருளின் செறிவை அளக்கும் அலகு); அதுதான் அதை அடக்கி வைத்திருக்கிறது. நன்னீர் பட்டால் செறிவு சரியும், உடனே ஓட ஆரம்பிக்கும். கெண்டை இனத்தில் அந்த ஓட்டம் ஒரு நிமிடம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். ஓடி முடித்தது முட்டைக்கு உதவாது. சிரிஞ்சு முனையில் உருகின ஐஸ் நீர் கசிந்தால் வழியிலேயே ஓட்டம் முடிந்துவிடும்.

ரெண்டாவது, அசையாமல் கிடந்தாலும் அது மூச்சு விடுகிறது. நிரம்பின சிரிஞ்சில் காற்றே இல்லை.

பிழியும்போது வயிற்றையும் துவாரத்தையும் துணியால் ஈரம் போகத் துடையுங்கள். முதல் சில துளியை விட்டுவிடுங்கள், அதில் சிறுநீர் வரும். அதுவும் தண்ணீர் மாதிரியேதான் வேலை செய்யும். பால் மாதிரி கெட்டியாக வருவதை மட்டும் உலர்ந்த குப்பியில் பிடியுங்கள். மஞ்சள், இளஞ்சிவப்பு, நீர்த்தது வேண்டாம். ஒவ்வொரு ஆணுக்கும் தனிக் குப்பி. ஒன்று கெட்டிருந்தால் எல்லாவற்றையும் கெடுக்கக் கூடாது.

பிறகு ஜிப்லாக் பையில் 5 மி.மீ. கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மீதி இடத்தில் ஆக்சிஜன் நிரப்பிப் படுக்க வையுங்கள். தெர்மோகோல் பெட்டியில் அடியில் ஐஸ், அதன்மேல் தடிமனாக நியூஸ்பேப்பர், அதற்கும் மேல் பை. 4–8 °C போதும். ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த ஐஸைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஓரம் உறையலாம், உறைந்தது செத்தது.

மைக்ராஸ்கோப்:
போய்ச் சேர்ந்ததும் பார்க்காமல் முட்டையில் ஊற்றாதீங்க. ஊசி முனையால் தொட்ட அளவு மில்ட்டை ஸ்லைடில் வைத்து, தண்ணீர் விடாமல் முதலில் பாருங்கள். மாவுப் பசை மாதிரி அசைவற்றுக் கிடக்கணும். இப்போதே நெளிந்தால் வழியில் ஈரமோ சிறுநீரோ சேர்ந்திருக்கு, ஒதுக்கிவிடுங்கள். சும்மா கிடந்தால் ஹேட்சரித் தண்ணீர் ஒரு துளி விட்டு, 10 விநாடிக்குள் கண்ணை வைத்துவிடணும். கொதிக்கிற மாதிரி தெரியும். முன்னோக்கி ஓடுவதை மட்டும் கணக்கில் எடுங்கள். நின்ற இடத்தில் துடிப்பதைச் சேர்த்தால் ஏமாந்து போவீர்கள்.

3 மணி நேரத்துக்கு நீர்க்கவே தேவையில்லை. தாமதமாகலாம் என்றால் 0.9 சதவீத நார்மல் சலைனை (மருத்துவ உப்புநீரை) மில்ட்டின் அதே குளிர்ச்சிக்குக் கொண்டுவந்து, 1 பங்குக்கு 3 பங்கு சேர்க்கலாம். கல் உப்பைக் கைமதிப்பாகக் கரைக்கிற வேலை வேண்டவே வேண்டாம். செறிவு குறைந்தால் விந்தணு அங்கேயே விழித்துக்கொள்ளும்.

குளத்தங்கரை:
நன்றி சார். இதையே மாதக்கணக்கில் வைக்க முடியுமா? கொடுவாவுக்கும் இதே முறைதானா?

நன்னீர்_டெக்:
கொடுவாவுக்குத் தலைகீழ். கடல்மீன் விந்தணுவை எழுப்புவது கடல்நீரின் கூடின செறிவு. அதனால் அங்கே கடல்நீர்த் துளி படாமல் பார்க்கணும்.

மாதக்கணக்கில் என்றால் திரவ நைட்ரஜன், -196 °C. மில்ட்டை நீர்க்க வைக்கும் எக்ஸ்டெண்டர் கரைசலில் 10 சதவீதம் டிஎம்எஸ்ஓ (உறையும்போது செல்லைக் காக்கும் வேதிப்பொருள்) சேர்த்து, மில்ட்டைக் கலந்து, 0.5 மி.லி. ஸ்ட்ராவில் (மெல்லிய பிளாஸ்டிக் குழாயில்) அடைத்து, நைட்ரஜனுக்கு 3 செ.மீ. மேலே ஆவியில் 3 நிமிடம் வைத்துவிட்டு முக்கணும். எடுக்கும்போது 38–40 °C நீரில் சுமார் 10 விநாடி, உடனே முட்டையில். டிஎம்எஸ்ஓ குளிரில் காக்கும், உருகினபின் அதுவே விஷம். தட்டில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கக் கூடாது. நம் கெண்டைகளில் இந்த வேலையை லக்னோவில் உள்ள தேசிய மீன் மரபு வளப் பணியகம் செய்திருக்கிறது.

மைக்ராஸ்கோப்:
இன்னொன்று: கலக்கும்போது பாத்திரமும் கையும் உலர்ந்திருக்கணும். முட்டையின் மேல் மில்ட்டை விட்டு, கோழி இறகால் ஒரு நிமிடம் புரட்டி, அப்புறம்தான் தண்ணீர். பெட்டியைத் திறக்கும்போது மூடியின் உட்புறத்தையும் துடைத்துவிடுங்கள். அங்கே கோத்திருக்கிற நீர்தான் நேராகப் பைக்குள் சொட்டும்.