வட சென்னைக்கு ஒதுக்கின பணத்தைத் தேடினவங்க வாங்க: அனுபவப் பகிர்வு

கொருக்குப்பேட்டை வாசி:
வட சென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 2023-24 பட்ஜெட்ல 3 வருஷத்துக்கு 1,000 கோடின்னாங்க. 2024 மார்ச்சில் தொடங்கும்போது 4,181 கோடி. மானியக் கோரிக்கைப் புத்தகத்துல, அதாவது துறைவாரி பட்ஜெட் புத்தகத்துல, அந்தப் பேரைத் தேடி அத்தனையையும் ஒரே இடத்துல எடுக்க முடியாது, பல துறையில சிதறிக் கிடக்கு. பேரை விட்டுட்டு கணக்குத் தலைப்பை (எந்த வகைச் செலவுன்னு காட்டுற எண்) பிடிங்க: குடிநீர், துப்புரவுக்கு 2215, அதுலயே கட்டுமானம் மாதிரி மூலதனச் செலவுக்கு 4215, நகர வளர்ச்சிக்கு 2217.

வியாசர்பாடி:
தலைப்பு சரி, அட்டவணையில எந்தப் பத்தி (column)ன்னும் பாருங்க சார். திருத்த மதிப்பீட்டை (வருஷம் முடியுறதுக்கு முன்னாடி மாத்திப் போடுற கணிப்பு) செலவுன்னு எழுதி வாட்ஸ்அப்ல சுத்த விட்ட ஒரு அட்டவணை இன்னும் உறுத்துது. 2023-24ல் உண்மையா செலவானது 2025-26 புத்தகத்துலதான் ‘கணக்கு’ன்னு வரும். அதுலயும் குடிநீர் வாரியத்துக்கு மானியம் கைமாறின அன்னைக்கே அரசுக்கு அது செலவு. குழாய் இன்னும் குடோன்லயே இருக்கலாம்.

எர்ணாவூர்:
நீங்க ரெண்டு பேருமே ஐ.நா.வோட நிலையான வளர்ச்சி இலக்கு (SDG) வாரியா பணத்தைப் பிரிக்கிறதுக்கு வரல. கொசஸ்தலையாறு மழைநீர் வடிகாலுக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன் 25.1 கோடி டாலர். ஒரு கூட்டத்துல காட்டின பட்டியல்ல அதே வடிகால் 11வது இலக்குலயும் (நகரம்) இருந்தது, 13லயும் (காலநிலை) இருந்தது. ரெண்டையும் சேர்த்துத்தான் கூட்டியிருந்தாங்க! ஒரு வேலைக்கு ஒரே முதன்மை இலக்கு. மத்ததைத் துணைன்னு தனிப் பத்தியில போடுங்க, கூட்டல்ல சேர்க்காதீங்க.

தண்டையார்பேட்டை:
யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். புத்தகத்துல எவ்வளவு தேடினாலும் தெரு வராது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமை மனு போடுங்க. ‘எவ்வளவு செலவு’ன்னு மட்டும் கேட்டா ஒத்தைத் தொகைதான் வரும். வார்டு, தெரு, வேலையின் பேர் எழுதி, பணி ஆணை, எம்-புக் (முடிஞ்ச வேலையோட அளவைப் பொறியாளர் பதியற புத்தகம்) பக்கங்கள், பில் நகல்னு தனித்தனியா கேளுங்க. அந்தச் சட்டத்தோட 2(ஜே) பிரிவுல வேலையை நேர்ல பாக்கவும் உரிமை இருக்கு. 30 நாள்ல பதில் வரலைன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு.

எம்-புக் கையில வந்ததும் வடிகால் மூடியைத் தூக்கி அளங்க. டேப் சேத்து மேல நின்னா ஆழம் குறைச்சலா காட்டும், ஒப்பந்தக்காரர் மேல வீண் பழி. கம்பியைச் சேத்துல குத்தி, கான்கிரீட்ல ‘டங்’னு இடிக்கிற வரைக்கும் இறக்கணும். ஒரு தெருவுல கம்பி இடிக்கவே இல்ல, இறங்கிக்கிட்டே போச்சு. எம்-புக்ல அடித்தள கான்கிரீட் எழுதியிருந்தது.

வியாசர்பாடி:
பக்கத்து மூடியில குத்திப் பாத்தீங்களா?