கார் நொறுக்கும் கேமில் அப்படி என்னதான் இருக்கிறது? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கல்லடி:
உதயதேவி ரயிலில் கொழும்புக்குப் போகிறபோது பொழுது போகட்டும் என்று தங்கச்சியின் மகன் போனில் ஏற்றிவிட்ட கேம். திரையில் ஒரு கார் நிற்கும், விரலால் தட்டினால் சுத்தியல் விழும். விசயம் அவ்வளவுதான். முதலில் பொனட் நசுங்கும், அப்புறம் கண்ணாடி, கதவு. கடைசியில் கார் தகடாகிக் காசு கொட்டும். அந்தக் காசில் பெரிய சுத்தியல், அதைக்கொண்டு வான், பிறகு பஸ். வெலிகந்தைக்கு அங்கால் சிக்னல் போன பிறகும் நான் தட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

எனக்கு ஏன் பிடித்தது என்றால், நம் நாட்டில் வாகனம் தொட்டுப் பார்க்கவே பயப்படுகிற சாமான். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள், சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் வழி விட்டார்கள். இடையில் பழைய வாகனம்கூட வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விலைபோனது. கோயில் வாசலில் யாரோ எங்கள் காரைக் கீறிவிட்டுப் போன அன்று அத்தானுக்குச் சோறு இறங்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்துகொண்டு புத்தம்புதுக் காரை ஓசியில் உடைப்பது பெரிய சுகம்!

ஆனால் காசு கொடுத்து ஒரு உதவியாளை எடுத்ததும் அவனே உடைக்கத் தொடங்கிவிடுகிறான். அதோடு ஆசை பாதி போய்விட்டது. மற்றவர்களுக்கும் இப்படியா?

அக்கரைப்பற்று:
நான் டிங்கர் வேலைக்காரன். நசுங்கின மட்கார்டுக்கு உள்ளே இரும்புக் கட்டையைக் கொடுத்து, வெளியிலிருந்து தட்டி எடுக்கவேண்டும். கொஞ்சம் பலமாக விழுந்தால் தகடு இழுபட்டுப் போகும், பிறகு நிமிர்த்துவது பெரும்பாடு. ஒரு பள்ளத்துக்கே ஒரு பகல் போய்விடும். அதனாலோ என்னவோ, பகல் சாப்பாடு முடிந்ததும் கராஜில் எல்லோரும் போனில் கார் உடைக்கிறோம். அளவு பார்த்து அடிக்கத் தேவையில்லையே! உம்மாவுக்குச் சிரிப்பு: "பகலெல்லாம் தட்டித் தட்டி நிமித்திற, மறுகா போனுக்குள்ள தட்டித் தட்டி ஒடைக்கிற. ஒனக்கென்ன விசரா?"

கேமில் ஒரு பிழை. முன் கண்ணாடி தூள்தூளாகக் கொட்டுகிறது. அசல் வாகனத்தில் அது இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டினது, வெடித்தாலும் அப்படியே நிற்கும். கற்கண்டு மாதிரிச் சிதறுவது கதவுக் கண்ணாடிதான். சத்தத்தை மட்டும் நன்றாகச் செய்திருக்கிறார்கள். சத்தத்தை நிறுத்திவிட்டு விளையாடிப் பாருங்கள், சப்பென்று போய்விடும்.

கல்முனை:
கார் உடைப்பது பழைய ஆசைதான். 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை கேமிலேயே சண்டைகளுக்கு நடுவில் ஒரு காரை நேரத்துக்குள் கையாலும் காலாலும் உடைக்கவேண்டும்.

உதவியாள் பற்றிக் கேட்ட கல்லடி நண்பருக்கு: ஆள் வந்தபிறகு நீங்கள் உடைப்பதற்காக விளையாடவில்லை, இலக்கம் ஏறுவதைப் பார்க்கத்தான் விளையாடுகிறீர்கள். இந்த வகை கேம்களில் விலை கூட்டு வட்டிபோலக் கூடும். 2013இல் வந்த குக்கி கிளிக்கர் என்ற கேமில் ஒரு உதவியை வாங்கினால் அதே உதவியின் அடுத்ததன் விலை 15 சதவீதம் ஏறிவிடும். எவ்வளவு சேர்த்தாலும் கொஞ்சம் குறைவாகவே இருக்கும், அதனால் போனைக் கீழே வைக்க மனம் வராது.

இயன் போகோஸ்ட் என்ற அமெரிக்கர் 2010இல் இப்படிப்பட்ட பேஸ்புக் விளையாட்டுகளை நையாண்டி செய்யவே கவ் கிளிக்கர் என்று ஒன்றைச் செய்தார். ஒரு மாட்டைத் தட்டிவிட்டு ஆறு மணித்தியாலம் காத்திருக்கவேண்டும், வேறொன்றுமில்லை. சனம் ஆயிரக்கணக்கில் வந்து நிசமாகவே விளையாடியது. 2011இல் மாடுகளை எல்லாம் எடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் சிலர் வெறும் புல்லைத் தட்டிக்கொண்டிருந்தார்களாம்.

கல்லடி:
அப்படியென்றால் நான் பரவாயில்லை, எனக்கு ஒரு பஸ்ஸாவது இருக்கிறது. டிங்கர் நானா, அந்த பஸ்ஸை உடைக்க எந்தச் சுத்தியல் எடுத்தீர்கள்? விளம்பரம் பார்த்தால் இலவசம் என்கிறான், எனக்கோ டேட்டா முடிந்துகொண்டிருக்கிறது.