புதுப்பிப்பு: ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்குத் தற்கொலைத் தடுப்புப் பயிற்சி கேட்டிருந்தேன்

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. மோசமான கேஸ்களுக்கே தொடர்ந்து போய்வந்த சக டெக்னீஷியன் ஒருவர் "இருந்து என்ன ஆகப்போகுது" என்று பேச ஆரம்பித்திருந்தார். அவரிடம் எப்படிப் பேசுவது, எங்களுக்குப் பயிற்சி எங்கே கிடைக்கும் என்பதுதான் என் கேள்வி.

"சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. தற்கொலை எண்ணம் வருகிறதா என்று கேட்டால் நாமே அதை விதைத்துவிடுவோம் என்று பயந்தேன். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ஷிப்ட் முடிந்து தனியாக இருந்தபோது கேட்டேன். வருகிறது என்றார். அங்கிருந்தே டெலி மானஸ் 14416-ஐ அழைத்தோம். 2022-இல் தொடங்கிய இலவச அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அப்புறம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு. இப்போது சிகிச்சையில் இருக்கிறார், பகல் ஷிப்ட்டுக்கு மட்டும் வருகிறார்.

பயிற்சிக்கு மாவட்ட மனநலத் திட்டக் குழுவுக்கு எழுதினோம், வந்தார்கள். எச்சரிக்கை அறிகுறிகள், கேட்கும் விதம், உதவியோடு இணைப்பது எல்லாம் நடித்தே பழகினோம். சம்பவம் நடந்தவுடன் எல்லாரையும் உட்காரவைத்து நடந்ததைச் சொல்லவைக்கலாம் என்று இங்கே சிலர் எழுதியிருந்தீர்கள். அது வேண்டாமாம், உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை.

எதிர்பாராத விஷயம்: அதிகம் கேள்வி கேட்டது பைலட்டுகள், அதாவது வண்டி ஓட்டுபவர்கள். அவர்களுக்கு முதலில் அழைப்பே போகவில்லை. நீங்கள் ஏற்பாடு செய்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.