மோட்டார் ஹோமுக்கு லித்தியம் பற்றரி: பழையதைக் கழற்றிப் புதியதை வைத்தால் போதுமா?

வெளிக்கிட்டாச்சு (ஸ்காபரோ):

வணக்கம். எங்களிடம் 24 அடி மோட்டார் ஹோம் (உள்ளேயே படுத்துச் சமைக்கக்கூடிய வண்டி) ஒன்று இருக்கிறது, ஃபோர்ட் ஈ-350 சட்டத்தில் கட்டியது. பழையதாக வாங்கி மூன்று வருடம். போன ஒக்டோபரில் இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க அல்கொன்குயின் பூங்காவுக்கு வெளிக்கிட்டோம். கரண்ட் இல்லாத இடம்தான் கிடைத்தது. இரவு மைனஸ் 4 பாகை. அதிகாலை மூன்று மணிக்கு ஹீற்றர் நின்றுவிட்டது. விசிறி முனகுகிறது, நெருப்புப் பற்றவில்லை. கொஞ்ச நேரத்தில் அம்மா நித்திரையில் மூச்சு விட உதவும் சீபாப் இயந்திரமும் நின்றது. அம்மா எழும்பி இருந்து, "என்னடா, குளிரிலே கிடக்கவா என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீ?" என்றார். எஞ்சினை ஓடவிட்டு விடியும்வரை சமாளித்தோம். பக்கத்துக் கூடாரக்காரர் காலையில் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டாம்.

இப்போது இருப்பவை இரண்டு சாதாரண ஈய-அமிலப் பற்றரிகள், ஏறும் படிக்குக் கீழே வெளிப் பெட்டியில். கடையில் விசாரித்தேன். "லித்தியம் 100 ஆம்பியர்-மணி இரண்டு வாங்குங்கள், அதே இடத்தில் வைத்து அதே வயரைப் பூட்டினால் சரி" என்றார்கள். அவ்வளவு லேசான வேலையா? எந்தப் பற்றரி நல்லது, இரண்டு சிறியதா, பெரியது ஒன்றா? வருடத்தில் ஏழெட்டுத் தடவை போவோம், இரண்டு தடவை குளிரில்.

வயர்மேன் (கல்கரி):

அண்ணா, எந்த பேட்டரி என்பது கடைசிக் கேள்வி. எங்கே வைக்கப் போகிறீர்கள், எது அதை சார்ஜ் செய்யப் போகிறது, இவை இரண்டும் முதல் கேள்வி. நான் என் வண்டியிலும் நண்பர்கள் வண்டி நாலைந்திலும் இந்த வேலையைச் செய்திருக்கிறேன்.

படிக்குக் கீழே வைக்கவே வைக்காதீர்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியிலிருந்து மைனஸ் 20 வரைக்கும் மின்சாரம் எடுக்கலாம். ஆனால் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. அந்தக் குளிரில் லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். அந்தச் சேதம் திரும்பாது. நல்ல பேட்டரியில் உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல் சர்க்யூட் சார்ஜை நிறுத்திவிடும். மலிவான சிலவற்றில் அந்தக் காவலே கிடையாது, வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஹீட்டர் பேட் வைத்த பேட்டரியும் உண்டு, ஆனால் வண்டிக்குள்ளே இடம் இருக்கும்போது அதற்கு ஏன் காசு? ஈய-அமிலம் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், அதனால்தான் வெளியே வைத்தார்கள். இதற்கு அந்தத் தொல்லை இல்லை. சாப்பாட்டு மேசை சீட்டுக்கு அடியில் வையுங்கள், நீங்கள் சூடாக இருந்தால் அதுவும் சூடாக இருக்கும்.

உங்கள் ஹீட்டர் அன்று ஏன் நின்றது தெரியுமா? வோல்ட்டேஜ் இறங்கினால் விசிறி மெதுவாகச் சுற்றும். போதுமான காற்று வந்தால்தான் மூடும் ஒரு சின்ன செயில் சுவிட்ச் இருக்கிறது, அது மூடாது. அது மூடாமல் கேஸ் திறக்காது. ஹீட்டரைக் குறை சொல்லாதீர்கள்.

அடுத்து ஆல்டர்னேட்டர், அதாவது எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தருவது. உங்கள் வண்டியில் எஞ்சின் பேட்டரியையும் வீட்டு பேட்டரியையும் (ஹீட்டர், விளக்குக்கானது) ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் இணைத்திருக்கும். லித்தியத்துக்கு உள்தடை மிகக் குறைவு, கொடுக்கிற அத்தனையையும் இழுத்துக்கொள்ளும். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், சூடாகிக் கருகிப்போகும். போதாக்குறைக்கு, சார்ஜ் நடுவில் பி.எம்.எஸ். சட்டென்று துண்டித்தால் எகிறும் வோல்ட்டேஜ் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடுகளை அடித்துவிடும். அதனால் ஆல்டர்னேட்டரிலிருந்து அளவோடு எடுத்து வீட்டு பேட்டரிக்குக் கொடுக்கும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்று போடுங்கள். மூன்று மணி நேரம் ஓட்டினால் 90 ஆம்பியர்-மணி வரை ஏறும். முக்கியமாக, அந்தப் பழைய ரிலே இணைப்பைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் மின்சாரம் சார்ஜரைச் சுற்றிக்கொண்டு பழைய வழியிலேயே போகும். நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

வெளிக் கரண்டில் பூட்டும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும், வண்டியோடு வந்த கன்வெர்ட்டர் பெரும்பாலும் 13.6 வோல்ட்டிலேயே நிற்கும். சார்ஜ் ஆகும், ஆனால் முழுதாக நிரம்ப யுகமாகும். 14.4 தரும் லித்தியம் அமைப்புள்ளதாக மாற்றுங்கள்.

பழைய சாரதி (மொன்றியல்):

தம்பி, வயர்மேன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் கூட்டிப் பார்த்தீரோ? பற்றரி, சார்ஜர், கன்வெர்ட்டர், வயர், பியூஸ் என்று பட்டியல் நீளுது. நான் இன்னும் கோல்ஃப் வண்டிப் பற்றரிதான், 6 வோல்ட் இரண்டு தொடராக. 220 ஆம்பியர்-மணி, பாதியை எடுக்கலாம், ஏழு வருடமாய் ஓடுது. தண்ணீர் ஊற்ற வேண்டும், ஒன்று 28 கிலோ, என்ரை முதுகு அறியும். ஏழெட்டுப் பயணத்துக்கு இது காணும்.

இன்னொன்று. அம்மாவின் மெஷினை, பற்றரி மின்சாரத்தை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வெர்ட்டரில் பூட்டாமல் 12 வோல்ட் வயர் வாங்கி நேரே பூட்டும். அதிலே ஈரப்பதம் போடுகிற சூட்டை நிற்பாட்டினால் இழுக்கிறது பாதிக்கும் கீழே போயிடும். ஆனால் அம்மாவின் டொக்டரைக் கேட்டுவிட்டு நிற்பாட்டும்.

அகல்விளக்கு (ஒட்டாவா):

நானே பூட்டினேன், பிழையும் விட்டேன், அதைச் சொல்கிறேன்.

2000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கேபிள் முனையைச் சுத்தியலால் அடித்து இறுக்குகிற மலிவுக் கருவியால் செய்தேன். முதல் நாள் கேத்தில் போட்டதும் பிளாஸ்டிக் மணம். கையை வைத்தால் சுட்டது. பிறகு ஹைட்ராலிக் கருவியை இரவல் வாங்கி எல்லா முனையையும் திரும்பச் செய்தேன். பற்றரிக்குப் பக்கத்திலேயே கிளாஸ்-டி (Class T) பியூஸ் போடுங்கள். லித்தியம் ஷோர்ட் ஆனால் பாயும் மின்சாரத்தைச் சாதாரண பியூஸ் அறுத்து நிறுத்தும் என்று நம்ப முடியாது.

வோல்ட் மீட்டரையும் நம்ப வேண்டாம். பாதி இருந்தாலும் 13.1, முக்கால் இருந்தாலும் 13.3 என்று காட்டும், பிறகு திடீரென இருட்டு. உள்ளே போகிற, வெளியே வருகிற மின்சாரத்தை அளக்கும் ஷன்ட் வைத்தால்தான் கணக்குத் தெரியும். எல்லா நெகட்டிவ் வயரும் ஷன்ட்டின் மறுபக்கத்தில்தான், பற்றரி பூட்டாத பக்கத்தில், சேர வேண்டும். நான் சோலார் நெகட்டிவை நேரே பற்றரியில் பூட்டிவிட்டு, வெயிலில் கிடந்தும் சதவீதம் ஏன் ஏறவில்லை என்று இரண்டு கிழமை சோலார் பலகையைத் திட்டினேன்.

இரண்டு பற்றரி வாங்கினால், தனித்தனியே முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு இணையாகச் சேருங்கள். பொசிட்டிவை ஒன்றிலிருந்தும் நெகட்டிவை மற்றதிலிருந்தும் எடுங்கள், அப்போது இரண்டும் சமமாக உழைக்கும்.

வெளிக்கிட்டாச்சு:

எல்லோருக்கும் நன்றி. மே மாதம் வேலை முடிந்தது, இப்போதுதான் எழுத நேரம் கிடைத்தது.

ஐயா சொன்னபடி கூட்டிப் பார்த்தேன். உண்மைதான், கண்ணைக் கட்டியது. ஆனால் 28 கிலோவும் தண்ணீரும் எனக்குச் சரிவராது. புதியது ஒன்று 12 கிலோவுக்குக் கிட்டத்தான். 100 ஆம்பியர்-மணி இரண்டு வாங்கினேன். ஒன்றின் பி.எம்.எஸ். மக்கர் பண்ணினாலும் மற்றதில் அம்மாவின் மெஷின் ஓட வேண்டும், அதனால் பெரியது ஒன்று வேண்டாம் என்று விட்டேன். மேசைச் சீட்டுக்குக் கீழே அளந்து பார்த்தால் தண்ணீர் பம்ப் நடுவில் குந்திக்கொண்டிருந்தது. அதை ஒதுக்கவே ஒரு சனிக்கிழமை போனது.

தம்பி வயர்மேன், ரிலேயைத் தேடிய கதை தனி. பொனெற்றுக்குள் என்று நினைத்துப் பாதி நாள் தேடினேன். கடைசியில் ஏறும் படிக்குப் பக்கத்துப் பலகைக்குப் பின்னால் இருந்தது. கழற்றிய பிறகு டாஷ்போர்டில் இருந்த அவசர ஸ்டார்ட் பொத்தான் வேலை செய்யவில்லை. அதுவும் அந்த வழியால்தான் போனதாம். ஜம்பர் வயர் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன்.

இன்வெர்ட்டர் இந்த வருடம் வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். ரைஸ் குக்கர் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை.

முதல் இரவு அதே பூங்கா, 2 பாகை. ஹீற்றர் விட்டுவிட்டு ஓடியது, ஓடும்போது ஷன்ட் 7 ஆம்பியர் காட்டியது. மூன்று மணிக்கு நானாகவே விழித்து எழும்பிப் பார்த்தேன், 86 சதவீதம். காலையில் 76. அம்மா நல்ல நித்திரை. படிக்குக் கீழே காலியான பற்றரிப் பெட்டியைக் கழுவித் துடைத்து, எல்லோருடைய செருப்பையும் இப்போது அதற்குள்தான் வைக்கிறார்.