எடையைக் கூட்டினால் குத்தின் வலுவும் கூடுமா?

கேள்வி:
நான் மாவட்ட அளவிலான குத்துச்சண்டைப் போட்டிகளில் 71 கிலோ பிரிவில் கலந்துகொண்டு வருகிறேன். என் குத்தில் வேகம் இருக்கிறது, ஆனால் எதிராளியைப் பின்வாங்க வைக்கும் கனம் இல்லை என்று பயிற்சியாளர் சொல்கிறார். உடன் பயிலும் நண்பர்களோ, நன்றாகச் சாப்பிட்டு 80 கிலோ பிரிவுக்கு ஏறிவிட்டால் குத்து தானாகவே கனத்துவிடும் என்கிறார்கள். இரண்டுக்கும் அவ்வளவு நேரடியான தொடர்பு உண்டா?

பதில் 1:
தொடர்பு உண்டு, இல்லாவிட்டால் எடைப் பிரிவுகளுக்கே தேவை இருந்திராது. ஆனால் குத்தில் போய்ச் சேர்வது தராசு காட்டும் மொத்த எடை அன்று. பின்னங்கால் தரையை உந்தி, இடுப்பும் தோளும் அடுத்தடுத்துத் திரும்பி, குத்து படும் கணத்தில் மணிக்கட்டிலிருந்து தோள் வரை இறுகினால்தான் உடலின் எடை கையுறை வழியாக எதிராளி மேல் இறங்கும். இடுப்பைத் திருப்பாதவர் பத்து கிலோ ஏறினாலும் கையின் பலத்தால் மட்டுமே குத்திக்கொண்டிருப்பார். பயிற்சிப் பையில் வலக்கைக் குத்து ஒன்றை விட்டுவிட்டு அப்படியே நின்று, பின்குதிகால் எழும்பித் திரும்பியிருக்கிறதா, தரையோடு ஒட்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள்.

பதில் 2:
இதற்கு அமெரிக்க ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) குத்துச்சண்டை வீரர் டியான்டே வைல்டர் நல்ல சான்று. 2018 டிசம்பரில் பிரிட்டன் வீரர் டைசன் ஃப்யூரியுடன் மோதியபோது அவர் சுமார் 96 கிலோ, ஃப்யூரி 116 கிலோ. இருபது கிலோ குறைவாக இருந்தும் ஒன்பதாம் சுற்றிலும் பன்னிரண்டாம் சுற்றிலும் ஃப்யூரியைத் தரையில் வீழ்த்தினார். போட்டி சமனில் முடிந்தது. 2020 பிப்ரவரியில் அதே ஃப்யூரியுடனான மறுபோட்டிக்கு ஏறத்தாழ 105 கிலோவுடன் வந்தவர், இருமுறை விழுந்து ஏழாம் சுற்றில் தோற்றார். (வளையத்துக்கு நடந்து வர அணிந்த பதினெட்டு கிலோ உடைதான் கால்களைச் சோர்வாக்கியது என்று பிறகு அவர் காரணம் சொன்னதை எத்தனை பேர் நம்பினார்கள் என்பது வேறு விஷயம்.) அதற்காக எடையே பயனற்றது என்று சொல்ல மாட்டேன். அன்று 124 கிலோவுடன் இறங்கிய ஃப்யூரி, பிடித்துக்கொண்ட ஒவ்வொரு முறையும் வைல்டர் மேல் சாய்ந்தே அவரைக் களைக்க வைத்தார்.

பதில் 3:
இன்னொரு ஹெவிவெயிட் வீரரான ஆண்டி ரூயிஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019 ஜூனில் 122 கிலோவுடன் அப்போதைய உலகச் சாம்பியன் ஆன்டனி ஜோஷுவாவை நான்கு முறை வீழ்த்திப் பட்டம் வென்றவர், டிசம்பரில் நடந்த மறுபோட்டிக்கு 129 கிலோவுடன் வந்தார். நான்கைந்து கிலோ இளைத்து வந்திருந்த ஜோஷுவா நகர்ந்துகொண்டே இருக்க, பன்னிரண்டு சுற்றும் துரத்தியும் எட்டிப் பிடிக்க முடியாமல் ரூயிஸ் புள்ளிகளில் தோற்றார். எவ்வளவு வலுவான குத்தும் பட்டால்தானே பயன்?

நண்பர்கள் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. 80 கிலோ பிரிவில் உங்களை எதிர்கொள்பவர்களில் பலர் அதற்கும் மேலான எடையிலிருந்து இறங்கி வந்தவர்களாக இருப்பார்கள். உயரமும் கை நீளமும் அவர்களுக்கே சாதகமாக அமையும். ஏறத்தான் வேண்டும் என்றால், கால், இடுப்புத் தசைகளில் எடை சேரும்படி மெதுவாக ஏறுங்கள். மூன்றாம் சுற்றில் கால் நகர்வு மந்தமானால் அந்த எடையோடு நிறுத்திவிடுங்கள்.