எழுத்துக்கோலம்: இசைக்குழுப் பெயர்களுக்காக ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மேலை இசைக்குழுக்களைப் பற்றித் தமிழில் கலைக்களஞ்சியக் குறிப்பு எழுதும்போது வருகிற சிக்கலிலிருந்துதான் இந்த இழை தொடங்கியது. சில குழுக்களும் பாடகர்களும் தம் பெயரை வழக்கத்துக்கு மாறாக எழுதிக்கொள்கிறார்கள். எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில் (ஸ்மால் லெட்டர்) இருக்கும், அல்லது நடுவே ஓர் எண் வரும், உயிரெழுத்தின் தலையில் இரண்டு புள்ளி இருக்கும், டாலர் குறி இருக்கும். ஆங்கில விக்கிப்பீடியா பெரும்பாலும் பெயரை வழக்கமான எழுத்தில் தந்துவிட்டு, அவர்கள் எழுதும் விதத்தை முதல் வரியில் ஒருமுறை சொல்லி நகர்ந்துவிடுகிறது. அந்த "எழுதும் வித"த்துக்கு நம்மிடம் ஒரு சொல் இல்லை. நான் முன்மொழிவது: எழுத்துக்கோலம்.

போன மடல்களில் வந்த கருத்துகளுக்கு வருகிறேன்.

> ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே கொண்டுவந்தால் போதுமே?

போதாது. ஆஸ்திரேலியாவின் ராக் குழு ஒன்றுக்குப் பெயரே நான்கு எழுத்துதான். சில வருடங்களுக்கு முன் அதை ஒரு குறிப்பில் "ஐ.என்.எக்ஸ்.எஸ்." என்று எழுதி அனுப்பிவிட்டேன், அப்படியே அச்சிலும் வந்துவிட்டது. முதல் இரண்டு எழுத்தைச் சேர்த்து "இன்" என்று படித்து, அப்புறம் "எக்ஸ்", "எஸ்" என்று வேகமாகச் சொல்ல வேண்டும்: இன் எக்செஸ். அளவுக்கு மிஞ்சி என்று பொருள். வானொலியில் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு வந்து தேடிய வாசகருக்கு என் குறிப்பு கிடைத்தே இருக்காது. அது இன்றுவரை எனக்கு உறுத்தல்தான்.

கிளாஸ்கோ நகரத்தின் சர்ச்சஸ் குழு "யு" வர வேண்டிய இடத்தில் "வி" போடுகிறது. இணையத்தில் தேடினால் தேவாலயங்களோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்தது. கனடாவின் இசைக்கலைஞர் டெட்மவுஸ் பெயரில் கடைசி எழுத்து 5. அது "எஸ்"ஸுக்குப் பதிலாக நிற்கிறது, அதை யாரும் "ஃபைவ்" என்று படிப்பதில்லை. எழுத்துக்கு எழுத்து கொண்டுவந்தால் முதலாவது வாயிலேயே நுழையாது, இரண்டாவது தப்பாக நுழையும்.

நம் மரபிலேயே இதற்கு வழி இருக்கிறது. வடசொல் தமிழுக்கு வரும்போது வடவெழுத்தை விட்டுவிட்டுத் தமிழ் எழுத்தோடு பொருந்தி வர வேண்டும் என்கிறது தொல்காப்பியம். ஒலிவடிவம், வரிவடிவம் என்று பிரித்துப் பேசும் பழக்கமும் நமக்கு உண்டு. ஒலிவடிவத்தைத் தலைப்பில் வைப்போம், அவர்களுடைய வரிவடிவத்தை முதல் வரியில் சொல்வோம்.

> உம்லாட் புள்ளிகளையாவது தமிழில் காட்டலாமே?

உம்லாட் என்பது உயிரெழுத்தின் தலையில் வரும் அந்த இரண்டு புள்ளி. இதில்தான் மிகவும் கவனம் வேண்டும். 1975-இல் லண்டனில் லெமி கில்மிஸ்டர் தொடங்கிய மோட்டர்ஹெட் குழுவின் பெயரில் இரண்டாவது "ஓ"வின் மேல் இரண்டு புள்ளி இருக்கும். ஜெர்மன் மொழியில் அந்தப் புள்ளிக்கு வேலை உண்டு. உதட்டை "ஓ"வுக்குக் குவித்துக்கொண்டு "ஏ" சொல்லிப் பாருங்கள், அந்த ஒலிதான். ஆனால் மோட்டர்ஹெட்டில் புள்ளி முரட்டுத் தோற்றத்துக்காக வைத்தது, ஒலிப்பில் மாற்றம் இல்லை. நியூயார்க்கின் ப்ளூ ஆய்ஸ்டர் கல்ட், லாஸ் ஏஞ்சலஸின் மாட்லி க்ரூ எல்லாம் இந்த வகை.

ஐஸ்லாந்துப் பாடகி பியொர்க்கின் பெயரில் இருக்கும் இரண்டு புள்ளி அப்படியல்ல. அங்கே அது நெடுங்கணக்கில் தனி எழுத்து, தனி ஒலி. அவர் பெயருக்கு பிர்ச் மரம் என்று பொருள். இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது: ஐஸ்லாந்து மொழியின் "பி" ஆங்கிலத்தைப் போல அதிர்ந்து ஒலிப்பதில்லை. சொல்லின் தொடக்கத்தில் நாம் சொல்லும் வல்லின "ப்" அங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆங்கிலத்தைவிடத் தமிழில் அவர் பெயர் சரியாக வருகிறது!

ஆகவே புள்ளிக்கு ஒலி உண்டென்றால் அது ஒலிபெயர்ப்பிலேயே வந்துவிடும். ஒலி இல்லையென்றால் அது கோலம், குறிப்பில் சொன்னால் போதும். தமிழ் எழுத்தின் தலையில் வைக்கவே கூடாது, ஏனென்றால் நம் புள்ளி ஒருபோதும் அலங்காரம் இல்லை. "ராக" என்பதில் கடைசி எழுத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள், "ராக்" ஆகிவிடும்.

> "பகட்டெழுத்து", "அலங்கார எழுத்து", "புனைவடிவம்" – இதில் ஒன்று போதாதா?

பகட்டெழுத்து தீர்ப்புச் சொல்கிறது. கலைக்களஞ்சியம் அதைச் செய்யக் கூடாது. "புனை" என்றதும் இன்று புனைகதையும் புனைபெயரும்தான் நினைவுக்கு வருகின்றன. அலங்கார எழுத்து பெயர்ப்பலகை எழுதுபவர்களிடம் ஏற்கெனவே புழங்குகிற சொல், எழுத்துருவைக் குறிப்பது. அதைவிடப் பெரிய தடை கே. டி. லாங். கனடாப் பாடகி. பெயர் முழுவதும் சிற்றெழுத்து. அது அலங்காரமே இல்லை, இருக்க வேண்டிய பேரெழுத்தை (கேப்பிட்டல் லெட்டர்) களைந்தது. அதை அலங்காரம் என்று எப்படிச் சொல்வது?

கோலம் என்றால் இரண்டும் அடங்கும். நகை பூட்டி நிற்பது மணக்கோலம், எல்லாவற்றையும் களைந்து நிற்பது துறவுக்கோலம். வாசல் கோலம் நினைவுக்கு வரும் என்று ஒரு நண்பர் தயங்கினார். வரட்டுமே, புள்ளி வைத்து வரைவதுதானே அதுவும்.

(பேரெழுத்து, சிற்றெழுத்து என்றே நான் எழுதி வருகிறேன். "பெரிய எழுத்து" என்றால் கொட்டை எழுத்தில் அச்சிட்ட பழைய கதைப் புத்தகங்கள் என்று ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது.)

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

"கே. டி. லாங் (எழுத்துக்கோலம்: முழுதும் சிற்றெழுத்து) கனடாவைச் சேர்ந்த பாடகி."

"சன் (எழுத்துக்கோலம்: பெயரை அடுத்து ஒரு வட்டமும் மூன்று பிறை அடைப்புகளும், இவை ஒலிக்கப்படுவதில்லை) அமெரிக்க இசைக்குழு." அந்த வட்டமும் பிறைகளும் அதே பெயருள்ள ஆம்ப்ளிஃபயர் நிறுவனத்தின் சின்னத்திலிருந்து வந்தவை.

வினையோடும் சேர்ந்து வருகிறது: "பாடகி கெஷா 2014 வரை தம் பெயரை டாலர் குறியிட்ட கோலத்தில் எழுதினார்."

ஒலிப்புக்குப் புதுச்சொல் வேண்டாம், "ஒலிப்பு" என்பதே போதும். கலிபோர்னியாவில் தோன்றிய ஒரு குழுவின் பெயர் மூன்று ஆச்சரியக்குறிகள், அவ்வளவுதான். அதைச் "சிக் சிக் சிக்" என்கிறார்கள். தலைப்பு சிக் சிக் சிக், கோலம் மூன்று ஆச்சரியக்குறி. அகரவரிசையில் "ச"வுக்குக் கீழே வைத்துவிட்டேன்.

எனக்குத் தீராமல் நிற்பது அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் மட்டும். 1993-இல் பெயரையே விட்டுவிட்டு ஒரு சின்னத்தை ஏற்றார், 2000-இல்தான் பழைய பெயருக்குத் திரும்பினார். சின்னத்துக்கு ஒலிப்பு கிடையாது. அச்சிடுவதற்காக அதன் எழுத்துருவை ஃப்ளாப்பியில் போட்டுப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். இங்கே கோலம் மட்டும் இருக்கிறது, ஒலிவடிவம் இல்லை. தலைப்பு "பிரின்ஸ்" என்றே இருக்கட்டும், அந்த ஏழு வருடத்துக்கு "ஒலிப்பு: இல்லை" என்று எழுதலாம் என்பது என் எண்ணம். இதற்கு வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்.