புளூநோஸ் மரக் கிட்: பலகை ஒட்ட ஒட்ட அணியம் (முன்முனை) வலப்பக்கம் வளையுது, உதவி வேணும்

வல்வைப்பேரன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஸ்காபரோவில இருக்கிறன். அப்பா போன வருசம் வேலையில இருந்து ஓய்வு எடுத்தவர். குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள்ள சும்மா இருந்து களைச்சுப் போனார். அதால ரெண்டு பேருமாச் சேர்ந்து செய்வம் எண்டு புளூநோஸ் பாய்க்கப்பலின்ர மரக் கிட் ஒண்டு வாங்கினன். 1:64 அளவு, உடல் மட்டும் 68 சென்ரிமீற்றர் வரும். கனடாவின்ர 10 சதக் காசில 1937இல இருந்து இருக்கிற கப்பல் இதுதான்.

அப்பாவுக்கு இதில வேற ஒரு பற்றும் இருக்கு. அப்பப்பா வல்வெட்டித்துறையில கப்பல் கட்டின ஓடாவிமாரோட, அதாவது கப்பல் தச்சர்மாரோட, வேலை செய்தவர். பெட்டிப் படத்தைப் பாத்த உடனேயே அப்பா அன்னபூரணியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிட்டார். வல்வெட்டித்துறையில 1930இல கட்டின அந்தப் பாய்க்கப்பல் 1938இல அமெரிக்காவின்ர குளொஸ்ரர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதே வருசம் ஒக்ரோபரில புளூநோஸும் குளொஸ்ரர்க் கப்பல் ஒண்டோட ஓட்டப்போட்டிக்கு அந்தப் பக்கக் கடலுக்கு வந்தது. அதனால இதைப் பாதியில விட எனக்கு மனமில்லை.

இனிப் பிரச்சினை. ஏராப் பலகையில (கப்பலின்ர முதுகெலும்பு மாதிரி அடியில ஓடுறது) குறுக்கு வங்கு (விலா எலும்பு மாதிரிச் சட்டம்) 13ஐயும் ஒட்டியாச்சு. மேல பலகை ஒட்டத் தொடங்கினம். 1.5 மிமீ தடிப்பு, 5 மிமீ அகலம், வெள்ளை மரம். வலப்பக்கம் 7 பலகை, பிறகு இடப்பக்கம் 4. இப்ப மேல இருந்து பாத்தால் அணியம் வலப்பக்கம் திரும்பி நிக்குது. அதோட முன்பக்கத்தில ஒவ்வொரு பலகையும் படிக்கட்டு மாதிரி எழும்புது. அமத்தி ஒட்டினாலும் ஒரு விளிம்பு தூக்கிக்கொண்டே நிக்குது. ரெண்டாவது வங்குக்குக் கிட்ட 3 பலகை முறிஞ்சும் போச்சு. கிட்டோட வந்த தாளில பலகைக்கு எண்டு அரைப் பக்கம்தான் இருக்கு.

இதைத் திருத்தலாமோ, இல்லாட்டி புதுசா வாங்க வேணுமோ?

மரத்தூள்:

புதுசா வாங்க வேண்டாம் தம்பி. நான் பெரம்பூர். இதுவரைக்கும் மூணு கிட் முடிச்சிருக்கேன், முதல் கிட்டில எனக்கும் இதே மாதிரிதான் வளைஞ்சுது. நாலு விஷயம் சொல்லுங்க, அப்புறம் பேசலாம். அணியத்து நடுவிலிருந்து பின்முனை நடுவுக்கு நூல் இழுத்துக் கட்டினா எத்தனை மிமீ விலகல்? பலகை ஒட்டறதுக்கு முன்னாடி வங்கு விளிம்புகளைச் சாய்வா தேய்ச்சீங்களா? பலகையோட அகலத்தை முன்பக்கம் குறைச்சீங்களா, இல்ல 5 மிமீ அப்படியே ஓடுதா? என்ன பசை, ஈரமா இருக்கும்போதே ஒட்டினீங்களா?

வல்வைப்பேரன்:

நன்றி அக்கா. நூல் பிடிச்சுப் பாத்தம், நடுவில 4 மிமீ விலகுது. வங்கைத் தேய்க்கேல்லை, லேசரில வெட்டினபடியே சதுர விளிம்பு. அகலமும் குறைக்கேல்லை. வெள்ளைப் பசைதான், முன்னுக்கு மட்டும் கெதியாப் பிடிக்க சுப்பர் குளூ. சுடுதண்ணியில 10 நிமிசம் ஊறப்போட்டு ஈரத்தோடயே ஒட்டினம். வேலை செய்யிற மேசை ஹீற்றர் காத்து வாற துவாரத்துக்குப் பக்கத்தில.

மரத்தூள்:

அப்போ காரணம் எல்லாமே கிடைச்சாச்சு. ஒண்ணு ஒண்ணா சொல்றேன்.

வளைவுக்குக் காரணம் ஒரு பக்கமா ஒட்டினதுதான். வளைச்சு ஒட்டின பலகை நிமிரப் பார்க்கும். வலப்பக்கம் 7 பலகை சேர்ந்து நிமிரும்போது ரெண்டு முனையையும் வலப்பக்கமா இழுக்கும், எதிர்ப்பக்கம் இழுக்க 4தான் இருக்கு. மெல்லிசான ஒட்டுப்பலகை (பிளைவுட்) ஏராவால அதைத் தாங்க முடியாது. வலம் ஒண்ணு, இடம் ஒண்ணுன்னு சோடி சோடியா போகணும். பெட்டியிலிருந்து எடுக்கும்போதே ஏரா நேரா இருந்துதான்னும் பாருங்க, நிறைய கிட்டில அது கோணியே வரும்.

படிக்கட்டு எழும்பறதுக்கு ரெண்டு காரணம். வங்கு விளிம்பு சதுரமா இருந்தா முன்பக்கம் பலகை அதோட ஒரு மூலையில மட்டும்தான் உட்காரும். அகலம் முழுக்க உட்காரணும்னா விளிம்பைக் கப்பலோட வளைவுக்குச் சாய்வா தேய்க்கணும். நேரான கட்டையில 120 நம்பர் உப்புத்தாள் ஒட்டிக்கிட்டு, ஒரே நேரத்தில ரெண்டு மூணு வங்கு மேல ஓடற மாதிரி தேய்ங்க. நடுவங்குகளுக்கு அதிகம் தேவைப்படாது; முன்னால முதல் மூணு, பின்னால கடைசி மூணு, இதுலதான் வேலை. ஒட்டாத ஒரு பலகையை வங்குகள் மேல பிடிச்சுப் பாருங்க. எங்கயாவது வெளிச்சம் தெரிஞ்சா இன்னும் தேய்க்கணும்.

ரெண்டாவது காரணம் அகலம். இதை நிறைய பேர் விட்டுடறாங்க, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது. மெல்லிய பலகை தட்டையா எவ்வளவு வேணும்னாலும் வளையும், விளிம்புப் பக்கமா வளையவே வளையாது. கப்பலோட முன்பக்கம் நடுவைவிட சுற்றளவு குறைவு. அங்கயும் 5 மிமீ பலகையையே ஓட்டினா இடம் பத்தாம மேல ஏறும். நீங்க அதைக் கீழே தள்ளறீங்க, அது விளிம்புப் பக்கமா வளைய முடியாம ஒரு ஓரத்தைத் தூக்குது. அப்படித் தள்ளித்தான் உங்க மூணு பலகையும் முறிஞ்சிருக்கும்.

கணக்கு சுலபம். ஒரு காகித நாடாவை நடு வங்கில மேல்தள விளிம்பிலிருந்து ஏரா வரைக்கும் ஒட்டி வச்சு அளங்க. 115 மிமீ வருதுன்னு வைங்க, 5 மிமீ பலகை 23 வேணும். அதே 23 பலகையும் முதல் வங்கிலயும் போய் முடியணும். அங்க சுற்று 71 மிமீன்னா 71ஐ 23ஆல வகுங்க, கிட்டத்தட்ட 3.1 மிமீ. அதுதான் அந்த இடத்துல பலகை அகலம். இப்படி ஒவ்வொரு வங்குக்கும் ஒரு எண் கிடைக்கும். அந்த நாடாவையே சமமா 23ஆ பிரிச்சு, வங்கு விளிம்பில பென்சிலால குறிச்சுடுங்க. பாதி அகலத்துக்குக் கீழே, அதாவது 2.5 மிமீக்குக் கீழே எந்தப் பலகையையும் ஒடுக்காதீங்க. முனை ரொம்ப மெலிஞ்சா பிளந்துடும். அப்படி வந்தா அங்க ஒரு பலகையைப் பாதியில நிறுத்தி, பக்கத்து ரெண்டையும் சேர்த்துடணும்.

பின்பக்கம் நேர்மாறா இருக்கும், அங்க இடம் மிஞ்சும். மிஞ்சற இடத்தைப் பலகையை இழுத்து மூடாதீங்க. பலகைகளை இயல்பா போற வழியில விட்டுட்டு, நடுவில வர்ற ஆப்பு வடிவ இடைவெளியில ரெண்டு மூணு ஆப்புப் பலகை வெட்டிச் செருகுங்க.

ஈரத்தோட ஒட்டறதையும் நிறுத்துங்க. ஊறின பலகை அகலத்துல உப்பியிருக்கும், காஞ்சதும் சுருங்கி இடைவெளி விடும். உங்க ஊர் குளிர்காலத்துல ஹீட்டர் பக்கம்னா கேட்கவே வேண்டாம். 20 நிமிஷம் சுடுதண்ணியில போட்டு, கப்பல்லயே துணிக் கிளிப்பால வளைச்சுப் பிடிச்சு, ஒரு ராத்திரி காய விடுங்க. காலையில எடுத்தா அதே வளைவோட இருக்கும். அப்புறம் ஒட்டுங்க.

தோணித்துறை:

தம்பி, நான் தூத்துக்குடி. எங்க அய்யா தோணி கட்டுற ஆசாரிமார்கூட பல வருசம் வேலை பாத்தவங்க. உங்க தாத்தா வேலையும் அதேதான், அதான் எழுதுறேன்.

தோணியில ஏரா நேரா இருக்கான்னு நூல் புடிச்சுப் பாத்துட்டுத்தான் வங்கு நிறுத்துவாங்க. நீங்களும் இப்ப அங்கதான் திரும்பிப் போகணும். பலகை மேல பலகையா ஒட்டிச் சரிபண்ணலாம்னு நினைக்காதீங்க.

ஆனா மரத்தூள் அம்மாகிட்ட ஒண்ணு கேக்குறேன். எல்லாத்தையும் பிரிக்கணுமா? வலப்பக்கம் கீழ இருக்கிற மூணை மட்டும் எடுத்தா ரெண்டு பக்கமும் நாலு நாலு ஆயிருமே.

மரத்தூள்:

எண்ணிக்கை சமமாகும் அண்ணாச்சி, ஆனா வங்கு விளிம்பு தேய்க்கலையே. மேல் நாலும் முன்பக்கம் தூக்கிக்கிட்டுதான் இருக்கு. அடுத்த பலகை எல்லாம் அதை ஒட்டித்தான் வரும், முதல் பலகை தப்பா இருந்தா கடைசி வரைக்கும் தப்புதான். அதோட ஏராவை நிமிர்த்தணும்னா இழுத்துப் பிடிக்கிற எதுவும் இருக்கக்கூடாது. எல்லாத்தையும் எடுத்துடலாம்.

தோணித்துறை:

சரிம்மா, அது நியாயம். அப்ப பிரிச்ச பெறகு ஒண்ணு செய்யுங்க தம்பி. நேரான கனத்த பலகை ஒண்ணுல ஏராவைக் கவ்வி நிறுத்தி, நூல் புடிச்சு நேராக்கிட்டு, வங்குக்கும் வங்குக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் மரக்கட்டை அளந்து வெட்டி ஒட்டுங்க. இறுக்கமா தட்டிச் செருகாதீங்க, அதுவே மறுபடி கோணலாக்கும். கட்டை காஞ்ச பெறகு ஏரா அசையாது. அணியத்துல முதல் வங்குக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் பால்சா மரத்தை வச்சு வளைவுக்குச் சீவிட்டீங்கன்னா பலகை முனைக்கு உக்கார நல்ல இடம் கிடைக்கும்.

சின்ன சந்து இருந்தா கவலைப்படாதீங்க. நிஜத் தோணியிலயே பலகைச் சந்துல பஞ்சு திணிச்சுக் கலப்பத்து அடிப்பாங்க. உங்களுக்கு மரத்தூளும் வெள்ளைப் பசையும் குழைச்சு அப்பினா போதும்.

வல்வைப்பேரன்:

ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. அப்பா ஏரா, வங்கு, கலப்பத்து எண்ட சொல்லுகளை வாசிச்சிட்டுக் கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை. அப்பப்பாவும் உதே சொல்லுகளைத்தான் சொல்லுவாராம்.

பலகையைக் கழட்ட வழி சொல்லுங்கோ. சுப்பர் குளூ பட்ட இடம் அசையுதில்லை.

மரத்தூள்:

வெள்ளைப் பசைக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மருந்துக்கடையில கிடைக்கும். தூரிகையால இணைப்புல தடவி 10, 15 நிமிஷம் விட்டு, மெல்லிய கத்தியை உள்ளே விட்டா வரும். சுப்பர் குளூவுக்கு அசிட்டோன், பஞ்சுக்குச்சியில கொஞ்சம் கொஞ்சமா. ரெண்டுமே சட்டுனு தீப்பிடிக்கும், அதனால ஹீட்டரை விட்டுத் தள்ளி, ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டுச் செய்ங்க. ஒட்டுப்பலகை உரியாம பொறுமையா. வங்கு ஒண்ணு ரெண்டு உடைஞ்சா மறுபடி ஒட்டிக்கலாம்.

வல்வைப்பேரன் (16 நாளுக்குப் பிறகு):

எல்லாம் கழட்டியாச்சு. வங்கு ஒண்டு முறிஞ்சது, ஒட்டினம். வெறும் ஏராவில நூல் பிடிச்சால் 2 மிமீ வளைவு, அப்ப கிட்டிலயே கோணல் இருந்திருக்கு. அண்ணை சொன்னபடி கட்டை வைச்சுக் காயவிட்டம். இப்ப அரை மிமீயும் இல்லை. மேசையை ஹீற்றருக்கு எதிர்ப்பக்கச் சுவரோட போட்டாச்சு.

தேய்க்கிறதுக்கே நாலு பின்னேரம் போச்சு. எங்கட நடு வங்கில 118 மிமீ வந்தது, 24 பலகை எண்டு வைச்சம். அப்பா ஒவ்வொரு வங்கிலயும் 24 கோடு போட்டார், கண்ணாடியைக் கழட்டிக் கழட்டித் துடைச்சுக்கொண்டு. இண்டைக்கு ஒன்பதாவது சோடி ஒட்டியாச்சு. முன்பக்கத்தைத் தடவிப் பாத்தால் விரலில ஒண்டும் தட்டுப்படேல்லை.

ஒரு கேள்வி. இதுக்கு மேல 0.5 மிமீ வால்நட் தோல் (மெல்லிய மரக் கீற்று) ரெண்டாவது அடுக்கா வருது. அது கட்டாயமோ?

மரத்தூள்:

மர நிறத்திலயே வைக்கணும்னா ஒட்டுங்க. ஆனா புளூநோஸ் மேலே கறுப்பு, தண்ணிக்கோட்டுக்குக் கீழே சிவப்பு பெயின்ட் அடிச்ச கப்பல். பெயின்ட் அடிக்கிறதா இருந்தா முதல் அடுக்கையே நல்லா அப்பி, 240 நம்பர் உப்புத்தாளில தேய்ச்சு, பிரைமர் பூசினா போதும். ஆனா அந்த 0.5 மிமீ தடிப்பு குறையும், ஏராவோட ஓரத்துல சரிபார்த்துக்கங்க. எனக்குப் பெயின்ட்தான் பிடிக்கும், உண்மைக் கப்பல் அப்படித்தான் இருந்துது.

தோணித்துறை:

பாதிக்குக் கிட்ட வந்துட்டீங்க, இனி மேலயிருந்து ஒண்ணு, கீழயிருந்து ஒண்ணுன்னு ஒட்டுங்க தம்பி. ஏராவை ஒட்டுற முதல் பலகையை அணியத்துப் பக்கம் மேல ஏற விடாதீங்க. அங்க அது ஏறிடுச்சுன்னா அதுக்கு மேல வர்ற பலகைக்கெல்லாம் இடம் இல்லாமப் போயிரும். முதல் வங்குப் பக்கத்துலயே முனையை வெட்டி நிறுத்துங்க. படம் போடுங்க, அப்பாவையும் கூட நிக்கச் சொல்லுங்க.